இரண்டாவது மூச்சு வரட்டும்

மே 11, ஞாயிறு

இன்றைக்கும் திமிங்கிலம் வரவில்லை. ஆனால் ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை. அதற்காகத்தான் எமில் என்னை வைத்திருக்கிறான்.

எமில் எட்டாம் வகுப்பில் என்னிடம் விஞ்ஞானம் படித்தவன். இப்போது உப்புவெளிக் கடற்கரையிலிருந்து திமிங்கிலம் பார்க்கப் படகு விடுகிறான். போன வருடம் ஒரு குடும்பம் கடலில் ஒன்றையும் காணாமல் திரும்பி வந்து, கரையில் நின்று அவனைக் கள்ளன் என்று ஏசிவிட்டுப் போனது. அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டுக்கு வந்தான். "ரீச்சர், வெளிக்கிட முதல் நீங்க வந்து ஆக்களுக்கு ஒருக்கா விளங்கப்படுத்துங்கோ. நான் சொன்னா யாவாரக் கதை எண்டுவினம். நீங்க சொன்னா பாடம் எண்டு கேப்பினம்."

கேட்கிறார்கள்தான். இன்று சொன்ன உதாரணம் இது: "நாங்கள் தேர் பார்க்கப் போகவில்லை. தேர் நேரத்துக்கு வரும், இழுக்க ஆள் இருக்கிறது. இது ஒரு பெரிய மனிதரின் வீட்டுக்குச் சொல்லாமல் போவது மாதிரி. அவர் இருந்தால் பார்க்கலாம். இல்லாவிட்டால் வாசலைப் பார்த்துவிட்டு வருவோம். அந்த வாசலும் வடிவுதான்." சிரித்தார்கள். சிரித்தவர்கள் பிறகு ஏசமாட்டார்கள்.

படகில் இடம் இருந்தால் நானும் போவேன். கொக்கி இறுகிய அந்தப் பழைய மிதப்புச் சட்டை எனக்கு. அதை வந்தவர்களுக்குக் கொடுத்தால் கழற்ற முடியாமல் பயந்துவிடுவார்கள்.

படகுக்காரருக்குள் ஒரு சட்டம் உண்டு, வந்தவர்களுக்குச் சொல்வதில்லை. தூரத்தில் திமிங்கிலத்தின் மூச்சு வெள்ளையாக எழும்பும். அதைக் கண்டவுடன் வாய் திறக்கக்கூடாது. இரண்டாவது மூச்சு வரட்டும் என்று இருக்க வேண்டும். முதலில் கண்டது அலை நுரையாகவும் இருக்கலாம். சொல்லிவிட்டால் எல்லோரும் ஒரு பக்கம் பாய்வார்கள், படகு சரியும். அது நுரை என்று தெரிந்தால் அன்றைக்கு முழுக்க எங்களை ஒருவரும் நம்பமாட்டார்கள். எனக்கு இந்தச் சட்டம் பிடிக்கும். ஆசிரியர் வேலையிலும் இதைத்தான் செய்தேன். ஒரு பிள்ளை ஒருநாள் பிழை விட்டதை வைத்து வீட்டுக்குச் சொல்லி அனுப்பியதில்லை.

வீட்டுக்கு வந்தபோது இவர் ஜன்னலோரக் கதிரையில், மூக்கில் ஒட்சிசன் குழாயுடன் இருந்தார். "என்ன, இண்டைக்கும் மாப்பிள்ளை வரேல்லையோ?" என்றார்.

"வரேல்லை."

"நல்ல சம்பந்தம். நாளுக்கு நாள் பொம்பிளை வீட்டுக்காரர் போய் நிக்கினம்."

நீர்ப்பாசனத்தில் முப்பது வருடம் குளங்களைப் பார்த்த மனிதர். இந்த ஊரில் பிறந்து இன்னும் ஒரு திமிங்கிலமும் பார்க்கவில்லை. கூப்பிட்டால், மைதிலி வரட்டும், மூன்று பேரும் போவம் என்பார். மகள் ரொறன்ரோவிலிருந்து யூலை பன்னிரண்டு வருகிறாள். டிக்கெற் எடுத்தாகிவிட்டது.

மே 14, புதன்

டொல்பின் மட்டும். மிளகாய்த்தூள் முடிந்துவிட்டது.

மே 19, திங்கள்

கிளினிக் நாள். இவரை வெளியே சக்கரக் கதிரையில் இருத்திவிட்டு டொக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். புதிதாக வந்த பிள்ளை, மைதிலியின் வயது இருக்கும்.

"அம்மா, நான் உங்கட நம்பிக்கையைக் கெடுக்கேல்லை. நுரையீரல் தடிக்கிறதை நிப்பாட்ட இனி மருந்தில்லை. வருசம் எண்டு யோசியாதேங்கோ, மாசம் எண்டு யோசியுங்கோ. ஆரும் வந்து பாக்க வேண்டிய ஆக்கள் இருந்தா வரச் சொல்லுங்கோ."

மிக நன்றாகச் சொன்னார். அவசரப்படவில்லை. ஒவ்வொரு வசனத்துக்குப் பிறகும் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். உதாரணம் ஒன்று சேர்த்திருக்கலாம். நான் புள்ளி போட்டால் எண்பது போடுவேன்.

பின்னேரம் மைதிலி எடுத்தாள். "டொக்டர் என்னம்மா சொன்னவ?"

"நல்ல பிள்ளை. வடிவா விளங்கப்படுத்தினவ" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

மே 25, ஞாயிறு

கல்முனையிலிருந்து புதுமணத் தம்பதி. வெளிக்கிட முன்னரே மாப்பிள்ளை எமிலிடம், "இவவுக்கு இண்டைக்குக் காட்டாட்டி என்னை வீட்டுக்குள்ள விடமாட்டா" என்றார். பெண்பிள்ளை, "கண்டாலும் விடமாட்டன்" என்றது. படகு முழுக்கச் சிரிப்பு. வரவில்லை. இருவரும் கையைக் கோர்த்துக்கொண்டு இறங்கிப் போனார்கள். சிலருக்கு வாசலே போதும்.

யூன் 5, வியாழன்

இன்று கடலுக்குப் போகவில்லை.

காலையில் இவர் முகம் கழுவ எழும்பினார். நான் அடுப்படியில் நின்றேன். சத்தம் இல்லை என்று எட்டிப் பார்த்தால் சுவரைப் பிடித்தபடி நிற்கிறார். உதடு நாவற்பழம் தின்றவரின் உதடு போல இருந்தது. கொண்டுவந்து இருத்தி, ஒட்சிசன் மெசினைக் கூட்டி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் நிறம் திரும்பியது. "பயந்திட்டியோ?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

மைதிலி பின்னேரம் எடுத்தாள். "அம்மா, எனக்கு மனசு சரியில்லை. டிக்கெற்றை முன்னுக்கு மாத்தட்டோ? அப்பா எப்பிடி இருக்கிறார்?"

"இருக்கிறார். கஞ்சி குடிச்சவர். நீ அவசரப்படாத. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் முடியட்டும், உனக்கும் லீவு கிடைக்க வேணுமெல்லோ. பன்னிரண்டுக்கே வா."

ஒரு தரம் நடந்ததை வைத்து அவளை அங்கிருந்து ஓடிவரச் செய்யலாமா? வந்து, இவர் கதிரையில் இருந்து பகிடி விட்டுக்கொண்டிருந்தால்? இன்னொரு தரம் வரட்டும். அப்போது சொல்வேன்.

யூன் 8, ஞாயிறு

தென்மேற்குக் கச்சான் காற்று தொடங்கிவிட்டது. மத்தியானத்துக்குப் பிறகு கடல் முழுக்க நுரை. இந்த நாட்களில்தான் ஆட்கள் நுரையைப் பார்த்துத் திமிங்கிலம் என்பார்கள்.

மட்டக்களப்பிலிருந்து வந்த ஒரு பெரியவர் என் பேச்சை முழுக்கக் கேட்டுவிட்டு, "தங்கச்சி, நீங்க வராது வராது எண்டுதான் எல்லாருக்கும் சொல்றீங்க. உங்களுக்கு உள்ளுக்குள்ள என்ன, வரும் எண்டா, வராது எண்டா?" என்று கேட்டார்.

"ஒவ்வொரு நாளும் வரும் எண்டுதான் நினைக்கிறனான் ஐயா."

"அது முகத்தில தெரியுது" என்றார்.

யூன் 12, வியாழன்

இவர் மதியம் மூன்று கரண்டி சாப்பிட்டார். பிறகு, "மைதிலிக்கு என்ர நிலைமையைச் சொன்னியோ?" என்று கேட்டார்.

"சொன்னனான்."

"டொக்டர் சொன்னதையும்?"

"ஓம்."

"என்னண்டவள்?"

"பன்னிரண்டாந்திகதி வாறாள்தானே."

கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். "ம். வேலை இருக்கும். பாவம், அங்க லீவு எடுக்கிறது லேசில்லை" என்றார்.

அதன் பிறகு கத்தரிக்காய் வெட்டினேன். பாதிக்குப் பாதி பூச்சி.

யூன் 20, வெள்ளி

இன்று வந்தது. நீலத் திமிங்கிலம் இரண்டு, தாயும் கன்றும் என்றான் எமில்.

கோணேசர் மலையைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் போனதும் வடக்கே வெள்ளையாக ஒன்று எழும்பியது. நானும் எமிலும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். வாய் திறக்கவில்லை. எங்களோடு இருந்த பதினொரு பேருக்கும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் இரண்டாவது எழும்பியது, தென்னை உயரத்துக்கு. அப்போதுதான் எமில் கையைக் காட்டினான். கிட்டப் போகாமல் எஞ்சினை நிறுத்தினான். அதன் பிறகு கேட்டது மூச்சுச் சத்தம் மட்டும். பெரிய துருத்தியை ஒருவர் ஆறுதலாக அமத்துவது மாதிரி. தாய் நாலைந்து மூச்சு விட்டது. பிறகு முதுகை வளைத்து, வாலைத் தூக்கிக் கீழே போனது. வால் தூக்கினால் ஆழத்துக்குப் போகிறது என்று அர்த்தம். இனிக் காத்திருக்க வேண்டும். காத்திருந்தோம். திரும்ப வந்தது.

வீட்டுக்கு வந்து இவருக்கு எல்லாம் சொன்னேன். கையை வைத்து வால் எப்படி எழும்பியது என்று காட்டினேன். பொறாமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "என்னைவிட நல்லா மூச்சு விடுது போல" என்றார். பிறகு, "கீழ போனா எவ்வளவு நேரத்தில திரும்பி வரும்?"

"பத்துப் பதினைஞ்சு நிமிசம். சிலது கூடவும்."

"அதுவரைக்கும் எல்லாரும் பாத்துக்கொண்டு நிப்பினமோ?"

"நிப்பினம்."

"மைதிலி வரேக்கையும் இருக்குமோ?"

"யூலையில இருக்கும். சில வருசம் ஓகஸ்ட் வரைக்கும் நிக்கும்."

"நான் திமிங்கிலத்தைக் கேக்கேல்லை" என்றார்.

தேத்தண்ணி ஆறிவிட்டது என்று சூடாக்கப் போனேன்.

யூன் 24, செவ்வாய்

காலையில் மின்சாரம் நின்றது. மெசினும் நின்றது. ஒட்சிசன் சிலிண்டருக்கு மாற்றத் தனியாக முடியாமல் எமிலைக் கூப்பிட்டேன். வந்து மாற்றினான். இவர் அவனைப் பார்த்து, "தம்பி, உன்ர போட்டில எனக்கு ஒரு சீற் வைச்சிருக்கிறாய்தானே?" என்றார். அந்த ஒரு வசனத்துக்கு நாலு தரம் நிறுத்தி மூச்செடுத்தார்.

"முன் சீற் ஐயா. ரீச்சரைப் பின்னுக்கு அனுப்புவம்."

வாசலில் செருப்புப் போடும்போது எமில் கேட்டான். "மைதிலியக்காவுக்குச் சொன்னீங்களோ ரீச்சர்?"

"பன்னிரண்டு வாறாள்."

"அது தெரியும். சொன்னீங்களோ எண்டு கேட்டன்."

"எமில், உனக்குச் சனம் பாத்துக்கொண்டு நிக்கும், போ" என்றேன். அப்படி நான் அவனை வகுப்பிலும் அதட்டியதில்லை. போய்விட்டான். மத்தியானம் அவனுடைய மனைவி சூடை மீன் குழம்பு கொடுத்து அனுப்பியிருந்தாள்.

யூன் 28, சனி

காலையில் தேத்தண்ணியோடு போய்க் கூப்பிட்டேன். கண் திறக்கவில்லை. தோளைத் தட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கலியாணம் முடித்து இத்தனை வருடத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டது இன்றைக்குத்தான். அப்போது கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். யார் என்று யோசிப்பது மாதிரி இருந்தது.

இரண்டாவது வந்துவிட்டது. மைதிலிக்கு எடுத்தேன்.

"உடன வா பிள்ளை."

அங்கே அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "முந்தநாளும் கஞ்சி குடிச்சவர் எண்டு சொன்னீங்கள் அம்மா."

"குடிச்சவர்தான்."

"எத்தினை கரண்டி?"

ரீச்சரின் மகள். கேள்வி கேட்கத் தெரியும்.

யூன் 30, திங்கள்

டொக்டர் வீட்டுக்கு வந்து பார்த்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அலைக்கழிக்க வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும் என்றார். மூச்சு இப்போது வேறு மாதிரி. நாலைந்து வரும், பிறகு நிற்கும். நான் பார்த்துக்கொண்டிருப்பேன். திரும்ப வரும்.

மைதிலி விமானம் ஏறிவிட்டாள்.

யூலை 1, செவ்வாய்

படுக்கை விரிப்பு மாற்றினேன். உதட்டைப் பஞ்சால் நனைத்தேன். அவருடைய காதுக்குள், "மைதிலி வெளிக்கிட்டிட்டாள்" என்றேன். கண்ணைத் திறக்காமல், "பன்னிரண்டுக்கெல்லோ?" என்றார்.

"இல்லை, இப்ப. வந்துகொண்டிருக்கிறாள். நாளைக்கு இஞ்ச நிப்பாள்."

கேட்டதோ தெரியவில்லை. அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை.

யூலை 2, புதன்

இவர் காலமாகிவிட்டார். காலை.

யூலை 6, ஞாயிறு

சனம் குறைந்துவிட்டது. எழுதலாம்.

அன்று காலை நல்ல வெயில். கட்டில் பக்கத்தில் இருந்தேன். நாலு மூச்சு விட்டார். ஐந்தாவது கொஞ்சம் நீளமாக இருந்தது. பிறகு நின்றது. எனக்குப் பயம் வரவில்லை. முன்னரும் நின்றதுதானே, திரும்ப வந்ததுதானே. ஒட்சிசன் மெசின் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே யாரோ மீன் கூவிக்கொண்டு போனார்கள். நான் பொறுமையாக இருந்தேன். பொறுமையாக இருக்க எனக்குத் தெரியும், அதைத்தான் கரையில் நின்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். மீன்காரர் அடுத்த ஒழுங்கைக்குப் போய்த் திரும்பியும் வந்துவிட்டார். நான் அப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

தொலைபேசி அடித்தது. மைதிலி, வாடகை வாகனத்துக்குள் இருந்து. "கந்தளாய் தாண்டிட்டம் அம்மா. இன்னும் கொஞ்ச நேரம். அப்பா எப்பிடி?"

"வா" என்றேன்.

அவள் வந்து, செருப்பைக் கழற்றாமல் ஓடி, கட்டிலடியில் நின்றாள். காலைப் பிடித்துப் பார்த்தாள். "சூடு இன்னும் இருக்கு அம்மா" என்றாள்.

வெள்ளிக்கிழமை தகனம். இவருடைய தம்பியின் மகன் கொள்ளி வைத்தான். நேற்றுச் சமைக்க வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, பாத்திரம் துடைத்தபடி மைதிலி கேட்டாள். "அப்பா என்னைக் கேட்டவரோ?"

"நீ வருவாய் எண்டு அவருக்குத் தெரியும்" என்றேன்.

பாத்திரத்தை அடுக்கிவிட்டுப் போய்விட்டாள். அவள் கேட்டது அதுவல்ல. கேட்ட கேள்விக்குப் பதில் எழுதாத பிள்ளைக்கு நான் எத்தனை பூச்சியம் போட்டிருப்பேன்.

யூலை 8, செவ்வாய்

சாம்பலை ஆண்கள் கொண்டுபோய்க் கரைப்பதுதான் வழக்கம். மைதிலி, "நான் கொண்டுபோறன்" என்றாள். ஐயர் தடுக்கவில்லை. எமில் காலையில் வேறு ஆட்களை ஏற்றாமல் படகைக் கொண்டுவந்தான். "ஐயாவுக்கு முன் சீற்" என்றான். அதன் பிறகு கடலைப் பார்த்தபடி நின்றான்.

சாம்பல் முட்டியை மடியில் வைத்துக்கொண்டு மைதிலி முன்னால் இருந்தாள். நான் பின்னால். மூன்று பேரும் போவம் என்றிருந்த பயணம்.

மலையைத் தாண்டி ஆழத்துக்குப் போனதும் எஞ்சினை நிறுத்தினான். அவள் குனிந்து கரைத்தாள். கொஞ்சம் காற்றில் பறந்து அவளுடைய கையில் ஒட்டியது. அதை உடனே கழுவவில்லை. பூவைப் போட்டோம். பூ படகைச் சுற்றியே நின்றது.

அப்போது நான் கண்டேன். வடக்கே, தூரத்தில், வெள்ளையாக ஒன்று எழும்பி விழுந்தது. எமிலைப் பார்த்தேன். அவனும் கண்டிருந்தான். வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தான், அடுத்தது வரட்டும் என்று.

"மைதிலி, அங்க பார்" என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

அவள் திரும்பினாள். வெறும் தண்ணீர். காற்று தொடங்கிவிட்டிருந்தது, அங்கங்கே நுரை. மூவரும் பார்த்துக்கொண்டு இருந்தோம். எமில் எஞ்சினைத் தொடவில்லை. நெடுநேரம் பார்த்தோம். இரண்டாவது வரவில்லை.

"அலையோ அம்மா?"

"தெரியாது பிள்ளை. கண்டன். கண்டவுடன சொன்னன்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். அதற்கு மேல் என்னால் மனதுக்குள் வைத்திருக்க முடியவில்லை.

"அப்பா உன்னைக் கேட்டவர். டொக்டர் மே மாசமே சொன்னவ, பாக்க வேண்டிய ஆக்களை வரச் சொல்லுங்கோ எண்டு. நான் உனக்குச் சொல்லேல்லை. ஆனா உனக்குச் சொல்லியாச்சு எண்டு அப்பாட்டச் சொன்னனான். உனக்கு எல்லாம் தெரியும், தெரிஞ்சும் பன்னிரண்டுக்குத்தான் வாறாய் எண்டு நினைச்சுக்கொண்டுதான் அவர் இருந்தவர். வேலை இருக்கும், பாவம் எண்டவர். கடைசியாக் கதைச்சதும் அதுதான். பன்னிரண்டுக்கெல்லோ எண்டு கேட்டவர்."

எமில் எழும்பிப் படகின் பின்புறம் போய்க் கயிற்றை எடுத்துச் சுற்றத் தொடங்கினான். ஏற்கெனவே சுற்றியிருந்த கயிறு.

மைதிலி சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போட்டிருக்கலாம். எழும்பி, மற்றப் பக்கம் போய், எனக்கு முதுகைக் காட்டி இருந்தாள். படகு அந்தப் பக்கம் சரிந்தது. "ரீச்சர், நீங்க நடுவுக்கு வாங்கோ" என்றான் எமில், மெதுவாக. நடுவில் போய் இருந்தேன். கரைக்கு வரும் வரைக்கும் அவளுடைய முதுகைத்தான் பார்த்தேன். இவருடைய தோள் அவளுக்கு.

கரையில் அடுத்த பயணத்துக்கு ஆட்கள் வந்து நின்றார்கள். பிள்ளைகள் தொப்பியோடு. ஒருவர் தொலைநோக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், நான் வந்து ஏதோ சொல்வேன் என்று யாரோ அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். "இண்டைக்கு நான் சமாளிக்கிறன் ரீச்சர்" என்று எமில் அவர்களிடம் போனான். "ஐயாமார், அம்மாமார், நாங்கள் தேர் பாக்கப் போகேல்லை" என்று தொடங்குவது கேட்டது.

என் மிதப்புச் சட்டையின் கொக்கி வழக்கம்போல இறுகிவிட்டது. கழற்ற வரவில்லை. மைதிலி கொஞ்சத் தூரம் நடந்து போய்விட்டாள். நின்றாள். திரும்பி வந்தாள்.

என் முன்னால் நின்று குனிந்து கொக்கியைப் பிடித்தாள். நகத்தை விட்டு நெம்பினாள். முகத்தை நிமிர்த்தவில்லை. விரலிடுக்கில் இன்னும் சாம்பல் இருந்தது. நான் எதையும் எதிர்பார்க்காமல் கையைத் தொங்கவிட்டு நின்றேன். வெகுநேரம் எடுத்தது.

கொக்கி கழன்ற பிறகும் அவளுடைய கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.